கைப்பேசி எண்ணும் காலடிகள்

என் அக்கா மகளைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அவள் இப்போது பத்தாம் வகுப்பு. சென்ற ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். மருத்துவர் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "இந்தப் பெண் வயிறாரச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது?" என்று கேட்டார். அன்று மாலை அவள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். "வாழ்த்துகள்! இன்றும் உங்கள் இலக்குக்குள் இருக்கிறீர்கள்" என்று அது பாராட்டிக்கொண்டிருந்தது! நாளொன்றுக்கு 1,200 கலோரி என்பது அது அவளுக்கு விதித்திருந்த இலக்கு.

"எந்திரம் தப்பாகவா சொல்லும், மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். விடை காண வேண்டுமானால், அந்த எந்திரம் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், அளப்பதைப் பார்ப்போம். பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகிறது? முன்னால் சாய்கிறீர்கள் அல்லவா? நிலைமம் என்று வகுப்பில் படித்தது இதுதான். கைப்பேசிக்குள்ளும் இப்படிச் சாயும் பயணி ஒருவர் இருக்கிறார். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சில்லுக்குள், சிலிக்கானில் செதுக்கிய ஒரு நுண்ணிய கட்டி மெல்லிய சிலிக்கான் வில்களால் தாங்கப்பட்டிருக்கிறது. கட்டியின் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் உண்டு. அவற்றுக்கு எதிரே அசையாத தகடுகள். இரண்டும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி. கைப்பேசி குலுங்கும்போது கட்டி சற்றே பின்தங்குகிறது, தகடுகளின் இடைவெளி மாறுகிறது, மின்தேக்குதிறனும் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து முடுக்கம் கணக்கிடப்படுகிறது. இதற்கு முடுக்கமானி என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேசைமேல் சும்மா கிடக்கும் கைப்பேசியின் முடுக்கமானி 9.8 மீ/வி² என்று காட்டும். தடையின்றிக் கீழே விழுந்துகொண்டிருக்கும் கைப்பேசி பூஜ்யம் காட்டும். ஏன் என்று நீங்களே யோசியுங்கள். தயவுசெய்து சோதித்துப் பார்க்க வேண்டாம்!

நாம் நடக்கும்போது உடல் நேர்கோட்டில் நகர்வதில்லை. ஒவ்வோர் அடிக்கும் சற்று ஏறி இறங்குகிறது. வேகமாக நடந்தால் வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடிகள். ஆகவே முடுக்கமும் வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். சட்டைப் பையில் கைப்பேசி தலைகீழாகக் கிடந்தால் என்ன செய்வது? மூன்று செங்குத்துத் திசைகளிலும் முடுக்கத்தை அளந்து, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்துவிட்டால் கைப்பேசி எப்படிக் கிடந்தாலும் கவலையில்லை. பிதாகரஸ் தேற்றம் தேர்வுக்கு மட்டுமே பயன்படுகிறது என்று யார் சொன்னது? இப்படிக் கிடைக்கும் அலையில், ஒழுங்கான இடைவெளியில் வரும் முகடுகளை மட்டும் காலடி என்று எண்ணுகிறார்கள். பேருந்தின் குலுக்கலை ஒதுக்குவதற்காக, பல கருவிகள் தொடர்ந்து சில அடிகள் விழுந்த பிறகே எண்ணத் தொடங்குகின்றன. அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையே நாள் முழுவதும் நான்கு நான்கு அடியாக நடக்கும் உங்கள் அம்மாவின் நடை பெரும்பாலும் கணக்கில் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். அவர் கைப்பேசி கூடத்து மேசையிலேயே கிடப்பது இன்னொரு காரணம்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எண் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறந்ததன்று. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. மறு ஆண்டே ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மன்போ-கே'. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். விற்பனைக்காக வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது! 2019-இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை ஆராய்ந்து ஓர் ஆய்வு வெளியாயிற்று. நடை கூடக்கூட நன்மை கூடியது; ஆனால் ஏறக்குறைய 7,500 அடிகளுக்கு மேல் அது கூடவில்லை. இது பாட்டிமார்களின் கணக்கு. உங்கள் வயதுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்பதே.

ஆக, அடிகளை எண்ணுவது ஓரளவு நேர்மையான அளவீடு. கலோரி என்று காட்டுகிறதே, அது வேறு கதை.

உணவின் ஆற்றலை அளக்க முனைந்தவர்களில் முக்கியமானவர் வில்பர் அட்வாட்டர். அமெரிக்காவின் மிடில்டவுன் நகரில், எட்வர்ட் ரோசா என்னும் இயற்பியலாளருடன் சேர்ந்து 1890-களில் ஓர் அறையைக் கட்டினார். அதற்குள் ஒரு மனிதர் நாட்கணக்கில் தங்கி உண்டு, உறங்கி, உழைப்பார். அவர் உடல் வெளியிடும் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் நீர் ஏந்திச் செல்லும். நீரின் வெப்பநிலை உயர்வைக் கொண்டு அது அளக்கப்படும். பள்ளியில் கலோரிமானி பார்த்திருப்பீர்களே, அதற்குள் ஆளையே உட்கார வைத்ததுபோல! ஆற்றல் அழிவின்மை விதி மனித உடலுக்கும் பொருந்தும் என்பதை அந்த அறை காட்டியது. மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 கிலோகலோரி என்று இன்றும் நாம் பயன்படுத்தும் எண்கள் அட்வாட்டரின் ஆராய்ச்சியில் கிடைத்தவை.

உங்கள் கைப்பேசிக்கு அப்படியோர் அறை கிடையாது. அடி எண்ணிக்கை, நீங்கள் சொன்ன எடை, உயரம், வயது ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு விடையைத் தருகிறது, அவ்வளவுதான். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவற்றுள் ஆறு, 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு அளந்தன. கலோரிச் செலவிலோ, மிகச் சிறந்த கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம். ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு பிழையோடு ஒரு மாணவர் விடை கொண்டுவந்தால் மறுபடி செய் என்று அனுப்பிவிடுவேன்.

உண்ணும் பக்கத்திலும் இதே கதைதான். 'இட்லி ஒன்று' என்று தட்டினால் செயலி ஓர் எண்ணைக் காட்டுகிறது. யார் வீட்டு இட்லி? என் அக்கா வீட்டில் ஐந்து இட்லிகளைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஈடுதான், ஆனாலும் இரண்டு ஒரே எடையில் இல்லை.

இனி அந்த 1,200-க்கு வருவோம். வயதுக் கட்டத்தில் அவள் 20 என்று போட்டிருந்தாள். உண்மையான வயதைச் செயலி ஏற்கவில்லையாம். இத்தகைய செயலிகள் பலவும் 1990-இல் வெளியான ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. பெண்களுக்கு அது: எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு. வயதின் ஐந்து மடங்கைக் கழி. பிறகு 161-ஐக் கழி. அவள் எடை 48 கிலோ, உயரம் 155 செ.மீ. நீங்களும் போட்டுப் பாருங்கள். 480 + 969 − 100 − 161 = 1,188.

இந்த 1,188 எதைக் குறிக்கிறது தெரியுமா? நாள் முழுவதும் அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயமும் மூளையும் நுரையீரலும் இயங்கத் தேவையான ஆற்றலை! பள்ளிக்கு நடக்க, படியேற, கோ-கோ ஆட, எல்லாவற்றுக்கும் சேர்த்து அவளுக்கு மிஞ்சியது 12 கலோரி. ஒரு தேக்கரண்டி சர்க்கரைகூட இல்லை. ஒரு தேக்கரண்டியே 20 கலோரி. மேலும், அந்தச் சூத்திரம் 19 முதல் 78 வயது வரையிலான 498 பேரை அளந்து உருவானது. எலும்பு நீள்கிற, இரத்தம் பெருகுகிற வளரும் பிள்ளை ஒருவர்கூட அதில் இல்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவின்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு ஏறக்குறைய 2,400 கிலோகலோரி தேவை. ஆக, அவள் பாதி உணவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் நடந்திருந்தது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது அல்லவா? அவள் மைதானத்தில் ஓடிய நேரமெல்லாம் அது வீட்டு அலமாரியில் கிடந்தது. "இன்று நீங்கள் அதிகம் நகரவில்லை" என்று சொல்லி, அடிக்கேற்ப அது கூட்டித் தரும் சில கலோரிகளையும் தராமல் விட்டது!

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். வகுப்பில் யாரோ 'குண்டு' என்று கேலி செய்ததில் தொடங்கியது என்று பிறகு சொன்னாள். 155 செ.மீ. உயரத்துக்கு 48 கிலோ குண்டா? நீங்களே சொல்லுங்கள்.

கருவியைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே மாலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். எப்போதும் ஒரே பையில் வைப்பேன். தினசரி எண்ணைப் பார்க்காமல் வாரச் சராசரியைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடுவேன். பிழை ஒரே விதமாக இருக்கும்வரை ஒப்பீடு பெரும்பாலும் சரியாகவே வரும். கலோரிப் பக்கத்தை அவள் நீக்கிவிட்டாள். என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதை மருத்துவரும் என் அக்காவும் பார்த்துக்கொள்கிறார்கள். அடி எண்ணி மட்டும் இருக்கிறது. அதையும் இப்போது சோதனைப் பொருளாக்கிவிட்டாள். வாயால் எண்ணி நூறு அடி நடப்பது. கைப்பேசி எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்வது. கையில் ஒரு முறை, பையில் ஒரு முறை, மெதுவாக ஒரு முறை, குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஒரு முறை. நீங்களும் செய்து பாருங்கள்.

சென்ற ஞாயிறன்று சைக்கிளில் மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தாள். நான்கு கிலோமீட்டர் மிதித்திருக்கிறாள். தோள் பையிலிருந்த கைப்பேசி 31 அடிகள் என்றது. "இதற்குக் காரணம் எனக்குத் தெரியும், மாமா. முதலில் சாப்பாடு போடுங்கள், பிறகு சொல்கிறேன்" என்றாள்.

காரணம் உங்களுக்கும் தெரிந்திருக்குமே?