தப்பு நம் விரலில் இல்லை, தெரியுமா?

ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். எங்கே தொட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. விரல் தானாகப் போகிறது. இன்னொன்றைத் திறக்கிறீர்கள். ஐந்து நிமிடம் தட்டுத் தடுமாறி, "இதெல்லாம் எனக்கு வராதுப்பா" என்று மூடி வைக்கிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: முதலாவதைச் செய்தவர் மனிதர்களை உட்கார்ந்து கவனித்திருக்கிறார். அந்தக் கவனிப்பின் பின்னால் எத்தனை வியப்பான கதைகள் இருக்கின்றன தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்!

விமானங்களைக் காப்பாற்றிய ரப்பர் சக்கரம் தெரியுமா?

இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்குகின்றன. ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வயிறு தரையில் உரச விழுகின்றன! இறக்கையின் பின்புறம் இறங்கி ஏறும் ஃபிளாப்பை மடக்குவதற்குப் பதிலாக விமானி சக்கரத்தையே மடக்கியிருக்கிறார். "விமானியின் கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் அதை ஏற்கவில்லை. விமானி அறைக்குள்ளேயே போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் ஃபிளாப்புக்கான சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், அச்சு அசல் ஒரே மாதிரி! சி-47 விமானத்தில் இவை இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தன. அங்கே இந்தக் குழப்பமே இல்லை. சபானிஸ் சக்கர சுவிட்சின் முனையில் ஒரு குட்டி ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் சுவிட்சின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். இருட்டில் தொட்டாலும் எது எது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். இன்று நீங்கள் ஏறும் பயணிகள் விமானத்திலும் சக்கர லீவரின் பிடி சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது! பழி மனிதன் மீதா, பொருளின் மீதா என்று கேட்ட அந்தக் கேள்விதான் இன்றைய செயலி வடிவமைப்புக்கு விதை.

திரையின் மூலை ஏன் சுலபம் தெரியுமா?

போருக்குப் பின், 1947-ல் இதே போன்ற விமானிகளின் தவறுகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் பால் ஃபிட்ஸ். அவரே 1954-ல் ஒரு விதியைக் கண்டுபிடித்தார்: குறி பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும், சிறிதாகவும் தூரத்திலும் இருந்தால் நேரமாகும். "இதைச் சொல்ல ஒரு விதியா?" என்று நினைக்கிறீர்களா? இப்போதே சோதித்துப் பாருங்கள். கணினியில் மவுஸை வேகமாக மூலைக்குத் தள்ளுங்கள். அம்பு மூலையில் முட்டி நின்றுவிடும், எவ்வளவு தள்ளினாலும் தாண்டாது. அதனால் விளிம்பில் உள்ள பட்டன் கைக்கு மிகப் பெரிய பட்டனாகிவிடுகிறது. மேக் கணினியின் மெனு திரையின் உச்சி விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதன் பலம் இதுதான்!

கைபேசியிலும் இதே கதைதான். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் பொது இடங்களில் 1,333 பேர் போனைப் பிடிக்கும் விதத்தைக் கவனித்து 2013-ல் எழுதினார். திரையைத் தொட்டு இயக்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒற்றைக் கையால் பிடித்திருந்தார்கள். கட்டைவிரல் எட்டாத மேல் மூலையில் "பணம் செலுத்து" பட்டனை வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று இப்போது புரிகிறதா?

நீங்கள் தொட்ட எழுத்து நீங்கள் தொட்டதே இல்லை, தெரியுமா?

2007-ல் ஐபோன் வந்தபோது, கண்ணாடியில் தட்டச்சு செய்ய முடியுமா என்று உலகமே சந்தேகப்பட்டது. விரலோ தடிமன், எழுத்தோ சின்னது! என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்து வரக்கூடிய எழுத்து எது என்று மென்பொருள் ஊகித்து, அந்த எழுத்தின் தொடு பரப்பை மட்டும் ரகசியமாகப் பெரிதாக்கியது. கண்ணுக்கு எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு. விரல் சற்று விலகினாலும் சரியான எழுத்தே விழும். பிழை நடக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதைத் தாங்கும்படி செய்ததுதான் அதன் வெற்றி!

247 எழுத்துக்கு 31 விசை போதும், தெரியுமா?

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247! இத்தனையையும் விசைப்பலகையில் எங்கே அடைப்பது? 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை தந்த விடை அபாரம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். இந்த 31 எழுத்து இருந்தால் மற்ற 216 உயிர்மெய்யும் சேர்ந்து பிறந்துவிடும். உயிர் இடக்கைக்கு, பெரும்பாலான மெய் வலக்கைக்கு. அடிக்கடி வரும் அ, இ, உ, க, ப, ம, த எல்லாம் விரல் ஓய்வாக இருக்கும் நடு வரிசையிலேயே!

இதைவிட வியப்பு, புள்ளி. "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது! "தங்கம்" என்று அடியுங்கள்: ங-வை அடுத்து க வந்ததும் ங் ஆகிவிடுகிறது. தமிழ் இலக்கணம் தெரிந்தவர்களும் தட்டச்சு செய்பவர்களின் சிரமம் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஓட்டுப் பெட்டியில் ஐகான் இருந்தது தெரியுமா?

கணினித் திரையில் குட்டிப் படங்கள் வருவதற்கு வெகு முன்பே இந்தியா படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது! 1951–52 முதல் பொதுத்தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்காக வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். பார், தேர்ந்தெடு, போடு. அவ்வளவுதான்!

கணினிக்கு வந்தால், 1984 மெக்கின்டோஷின் படங்களை சூசன் கேர் என்ற ஓவியர் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்தார். ஆப்பிள் விசைப்பலகையில் நான்கு மூலையும் சிக்குக் கோலம் போலச் சுழித்திருக்கும் ஒரு சதுரம் உண்டே, அது ஸ்வீடனில் "பார்க்க வேண்டிய இடம்" என்று சாலையோரம் வைக்கும் குறி! மெனு முழுக்க ஆப்பிள் பழமாக இருந்தது ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்காமல் போக, சின்னங்களின் தொகுப்பு ஒன்றைப் புரட்டி கேர் இதைக் கண்டெடுத்தார். செயலியின் மூலையில் இருக்கும் மூன்று கோட்டு மெனுவோ இன்னும் பழையது: வடிவமைப்பாளர் நார்ம் காக்ஸ் 1981-ன் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தது!

இன்னும் சில, ஒரே மூச்சில்!

* கால்குலேட்டரில் 7-8-9 மேலே. போனில் 1-2-3 மேலே. பெல் ஆய்வகம் பல வரிசைகளை மனிதர்களிடம் கொடுத்துச் சோதித்த பிறகே 1963-ல் பட்டன் போன் விற்பனைக்கு வந்தது.
* நாம் நாள் முழுக்கச் செய்யும் காப்பி-பேஸ்ட்டை 1970-களில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கியவர் லாரி டெஸ்லர்.
* திரையை இழுத்துவிட்டால் புதுப்பித்துக்கொள்ளும் வசதி 2009-ல் லோரன் பிரிக்டர் செய்த டுவீட்டி செயலியில் பிரபலமானது.
* ஜிமெயிலில் அனுப்பிய கடிதம் திரும்பி வருகிறதே, அது உண்மையில் போகவே இல்லை! நீங்கள் மனம் மாறக்கூடும் என்று 5 முதல் 30 வினாடி வரை பிடித்து வைத்திருக்கிறார்கள்.
* 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் நாமே செய்தது போலத் தோன்றும். 1 வினாடி வரை சிந்தனை அறுபடாது. 10 வினாடி தாண்டினால் மனம் வேறெங்கோ போய்விடும். பயன்பாட்டு வல்லுநர் ஜேகப் நீல்சன் எடுத்துச் சொன்ன அளவு இது.

ஒரு பட்டனின் விலை 30 கோடி டாலர், தெரியுமா?

அமெரிக்காவின் பெரிய விற்பனைத் தளம் ஒன்று. பொருளை எடுத்துக் கூடையில் போட்டதும் "பதிவு செய்க" என்ற பட்டனோடு ஒரு படிவம் குறுக்கே நின்றது. புதியவர்கள், "நான் பொருள் வாங்க வந்தேனா, உறவு கொண்டாட வந்தேனா?" என்று எரிச்சலடைந்தார்கள். பழையவர்களுக்கோ கடவுச்சொல் மறந்து போயிருந்தது. ஆலோசகர் ஜாரெட் ஸ்பூலின் குழு அந்தப் பட்டனை எடுத்துவிட்டு "தொடர்க" என்று வைத்து, கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரி சேர்த்தது. வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை என்கிறார் ஸ்பூல்!

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். 2020 ஆகஸ்டில் சிட்டி பேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டும். போனது ஏறக்குறைய 90 கோடி டாலர்! அசல் வெளியே போகாமல் தடுக்க வங்கியின் மென்பொருளில் மூன்று கட்டங்களையும் டிக் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தார்கள். அதுவே போதும் என்றுதான் திரையைப் பார்த்தால் தோன்றியது. மூன்று பேர் சரிபார்த்தார்கள். மூன்று பேருக்குமே தெரியவில்லை! சுமார் 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுக்க, 2022-ல் மேல்முறையீட்டில்தான் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. "90 கோடி டாலர் வெளியே போகிறது, சம்மதமா?" என்று பளிச்சென்று ஒரு வரி இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா?

கண் சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்?

வங்கிக் கணக்கோ சிம் கார்டோ வாங்க, கைபேசி முன் முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் இமை கருகியவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் முகத்தைச் சரியாகக் கட்டத்துக்குள் எப்படி நிறுத்துவார்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: டிஜிட்டல் சேவையை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி! மாற்று வழிகள் தரும்படி 20 உத்தரவுகள் பிறந்தன. ஒரு திரையை எப்படி அமைப்பது என்பது இனி ரசனை சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. அது உரிமை.

நம் தெருக்கடையில் இருக்கும் சவுண்ட்பாக்ஸையும் பாருங்கள். கையெல்லாம் மாவு, எதிரே வரிசையில் ஆள். போனைத் துடைத்துத் திறந்து பணம் வந்ததா என்று பார்க்க ஏது நேரம்? எவ்வளவு வந்தது என்று பெட்டி தமிழில் சத்தமாகச் சொல்லிவிடுகிறது. படிக்கத் தெரியாவிட்டாலும் கவலை இல்லை; போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றவும் முடியாது. சாதாரண பட்டன் போனிலிருந்து பணம் அனுப்ப 2022-ல் யுபிஐ 123பே வந்ததும் இதே அக்கறையால்தான்!

சட்டம் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறது, தெரியுமா?

கேட்காத பொருள் கூடையில் சேர்ந்திருப்பது, கடைசித் திரையில் புதுக் கட்டணம் முளைப்பது, "இரண்டே சீட்தான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சேர ஒரு தட்டும் விலகப் பத்துத் தட்டும் வைப்பது. நம்மைக் கவனித்துக் கற்ற அதே அறிவை நமக்கு எதிராகவே திருப்பும் வேலை இது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துவிட்டது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். நீங்கள் செயலி செய்பவரா? வெளியிடும் முன் ஐந்தே பேரிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உதவி செய்யாமல், வாய் திறக்காமல் கவனியுங்கள். ஐந்து பேரே பெரும்பாலான சிக்கல்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று நீல்சன் எப்போதோ சொல்லிவிட்டார். அந்த ஐவரில் ஒருவர் உங்கள் பாட்டியாகவோ, பார்வைக் குறைவுள்ள நண்பராகவோ இருக்கட்டும். நீங்கள் செயலியைப் பயன்படுத்துபவரா? தடுமாறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்; அந்த நிறுவனத்துக்கு எழுதிச் சொல்லுங்கள். ஏமாற்றினால் விடாதீர்கள்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.