வேற்காட்டு வேலும் வேலிகாத்தானும்

நெமிலிச்சேரிக்குத் தென்கிழக்கே கூவத்தின் கரையில் இருக்கிற திருவேற்காட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது வேல மரம். வேதபுரீசுவரர் கோயிலின் தலமரமும் வெள்வேலம்தான். ஆனால் இன்று இந்தப் பக்கத்து ஏரிக்கரையிலும் காலிமனையிலும் முள்மரம் என்று எதைக் காட்டினாலும் அநேகமாக அது வேலம் அல்ல, மெக்சிகோ, கரீபியன் பகுதிகளிலிருந்து வந்த மரம். அரசு ஆணையும் செய்தித்தாளும் அதைச் சீமைக் கருவேலம் என்கின்றன. வட மாவட்டத்துக்காரர்கள் வேலிகாத்தான் என்கிறார்கள். இந்த இரண்டில் ஊர்க்காரர் சொல்வதே தாவரவியலுக்கும் பொருத்தமான பெயர் என்பேன்.

வெள்வேலமும் கருவேலமும் உடன்பிறப்புகள். ஒன்றின் பட்டை வெளுத்திருக்கும், மற்றதன் பட்டை கறுத்து வெடித்திருக்கும். வெள்வேலத்துக்குத் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ வைத்த லியூகோஃப்ளோயியா என்ற பெயருக்கும் வெண்பட்டை என்றுதான் பொருள். நம்மவர்கள் எப்போதோ கண்டுவைத்ததையே அவரும் கண்டார். இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து எனத் தொடங்கி ஜாவா, திமோர் வரை வறண்ட நிலங்களில் வெள்வேலம் இயல்பாக வளர்கிறது. கருவேலம் மேற்கே பரவியது. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் அது மண்ணின் மரம். நைல் நதியை வைத்து லின்னேயஸ் அதற்கு நிலோட்டிகா என்று பெயரிட்டார். வேலிகாத்தானோ வேறு பேரினம். 1876இல் வனத்துறை அதிகாரி பெட்டோம் அதன் விதையைக் கேட்டு எழுத, மறு ஆண்டே சென்னை மாகாணத்தின் கடப்பையில் அது விதைக்கப்பட்டது. காமராசர்தான் இதைக் கொண்டுவந்தார் என்று இன்றும் பேசுகிறார்கள். அவர் பிறந்ததே 1903இல். உறவுமுறை பார்த்தால் வேலிகாத்தானுக்கு நம் நாட்டில் நெருங்கியது வன்னி. கருவேலம் அதைவிடத் தூரத்துச் சொந்தம்.

விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஊர்ப்பெயரில் மட்டும் என்ன பிடிவாதம் என்று கேட்கலாம். மாற்றுவது உண்மைதான். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்தது. அந்தப் பெயருக்கே அடிப்படையாக இருந்த கருவேலம் வாச்செல்லியா ஆனது; வெள்வேலமும் அதன் பின்னால் போனது. 2022இல் வேலிகாத்தான் ப்ரோசோபிஸ் பேரினத்திலிருந்து பிரிந்து நெல்டுமா ஆயிற்று, வன்னி பழைய பெயரிலேயே நின்றது. இந்த இரு மாற்றங்களிலும் வேலிகாத்தானை வேலங்களோடு ஒரே பேரினத்தில் யாரும் சேர்க்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மூன்றும் அவரைக் குடும்பத்தின் ஒரே கிளையில் இருப்பவைதாமே என்றால், தொட்டாற்சிணுங்கியும் அந்தக் கிளையில்தான் இருக்கிறது.

சீமை என்ற அடைமொழி போதாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. தாளில் போதும், களத்தில் போதாது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி மாவட்டம் மாவட்டமாக இந்த மரத்தைப் பிடுங்கினார்கள். அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. அப்படியொரு அவசரத்தில் பேச்சுவாக்கில் முதலில் உதிர்வது அடைமொழிதான். கருவேலத்தை வெட்டு என்று சொன்னால், பொக்லைன் ஓட்டுபவர் கண்ணில் படுகிற முள்மரத்தையெல்லாம் சாய்ப்பதில் அவர் தவறு ஒன்றுமில்லை. கருவேலமோ ஏரிக்குள் நீர் நின்றாலும் தாங்கி நிற்கும் மரம். அதன் கிளைகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். பல் துலக்கக் குச்சியும், கலப்பைக்கும் வண்டிக்கும் கட்டையும் தந்தது அதுவே. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற சொலவடையின் வேல் இந்த வேலமே.

பிரித்தறிவது ஒன்றும் கடினமில்லை. கருவேலம் ஒற்றைத் தண்டாக எழுந்து, மஞ்சள் உருண்டைகளாகப் பூத்து, மணி கோத்ததுபோல் இடைக்கிடை இறுகிய நெற்று விடும். வெள்வேலத்தின் பூவும் உருண்டைதான், ஆனால் வெளிறிய நிறத்தில் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். வேலிகாத்தான் பெரும்பாலும் தரையிலிருந்தே பல கிளையாகப் புதர்போல் விரியும், பூ விரல்நீளக் கதிராகத் தொங்கும், பழுத்த காய் மஞ்சளாக இனிக்கும். அந்த இனிப்புக்காக ஆடுமாடு காயைத் தின்னும். கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்த இடத்தில் முளைக்கும். வேரை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்குள் அடியிலிருந்து நான்கு தண்டாகத் துளிர்த்துவிடும்.