விருந்தாய் வந்தவர்கள்

விருந்தோம்புவோருக்கு நம் முன்னோர் வகுத்த இலக்கணம் விரிவானது. வந்து தங்குபவன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கோ அத்துணை விரிவான இலக்கணம் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிச் சில ஆண்டுகள் ஆசிரியப் பணி பார்த்த எனக்கு இந்தக் குறை அடிக்கடி நினைவுக்கு வந்ததுண்டு. அவ்வூருக்குக் கடல்வழியே வந்தோரின் வரிசை நீண்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி வந்தனர். 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியதோடு அந்த வரிசை ஒருவாறு முடிந்தது. வந்தவர்களிற் பெரும்பாலோர் கோட்டையிலும் பாசறையிலும் தங்கினார்கள். வீட்டில் தங்கியவர் மிகச் சிலர்.

அந்தச் சிலருள் முதலில் நினைவுக்கு வருபவன் றொபேட் நொக்ஸ். 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் கப்பல், புதுமரம் தேடிக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் மூதூர்க் கரையிற் கப்பல் தலைவனையும் அவன் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்தனர். மகனுக்கு அப்போது வயது ஏறத்தாழப் பத்தொன்பது. கைதிகளைச் சிறையில் அடைக்கவில்லை. மலைநாட்டுக் கிராமங்களிற் பகிர்ந்து விட்டார்கள். சோறு போடுவது ஊராரின் கடமை. அது அரச கட்டளை.

விரும்பி அழைக்காத வீட்டில், விரும்பி வராத விருந்தாளி! ஆயினும் அவன் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றான்; பன்றியும் கோழியும் வளர்த்தான்; ஒரு தொப்பியைக் கொடுத்து ஓர் ஆங்கில விவிலியத்தைப் பெற்றான். 1679இல் தப்பி, அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரை அடைந்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவன் நூலில் அரசியலும் உண்டு. எனினும் நான் அதை விரும்பிப் படிப்பது அடுப்படிச் செய்திகளுக்காகவே. மக்கள் செம்பில் வாய் படாமல் அண்ணாந்து நீர் குடிப்பதைக்கூட அவன் விடாமற் குறித்திருக்கிறான். அரண்மனையில் தங்கிய தூதுவன் எவனும் இதைக் கண்டிருக்க மாட்டான்.

நொக்ஸ் போதிக்க வந்தவன் அல்லன். ஆகையால் அவனை வீட்டுக்காரர் சோற்றுக் கணக்கில் வெறுத்திருக்கலாமேயன்றி, கொள்கைக் கணக்கில் அஞ்சியிருக்க மாட்டார்கள். சமயப் பணிக்கென்று வருபவன் நிலை வேறு. கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பிய ஊர் அது. ‘வேதம் சொல்ல வந்திருக்கிறேன்’ என்று ஒரு வெளிநாட்டான் அங்கே சொன்னால், அவனுக்கு முன்னே அந்த நினைவு வாசலில் வந்து நிற்கும். 1814இல் இலங்கையில் கால்வைத்த மெதடிஸ்த சபையாரும் அதன்பின் வந்த பிறரும் பள்ளிகளால் அந்த நினைவைச் சற்றே தணித்தார்கள். முற்றாக அழித்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

2002இல் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தான பின், தேவாலயம் ஒன்றின் பணிக்காக வந்த ஓர் அயல்நாட்டு இளைஞன், துறைமுகத்துக்குப் பின்புறத்து ஒழுங்கையில் இருந்த என் சின்னம்மா வீட்டில் சில மாதங்கள் தங்கினான். தமிழ் பழக வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். சின்னம்மா திருநீறு பூசாமல் அடுப்பு மூட்டாதவர். அயலவர் முணுமுணுத்தனர். “அவன்ட சாமி அவனோட இருக்கட்டும், என்ட அடுப்படி என்னோட இருக்கும்” என்று அவர் சொல்லிவிட்டார். “தம்பி, வெள்ளிக்கிழமை இந்த வீட்டில மச்சம் இல்லை” என்பதே அவன் கற்ற முதல் முழு வாக்கியம் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் அவன் கொடுத்துக்கொண்டே இருந்தான். பழங்கள், பிஸ்கற்று, வீட்டுக்கு ஒரு மின்விசிறி. சின்னம்மாவின் முகம் நாளுக்கு நாள் இறுகியது. வந்தவன் கொடுக்க, வீட்டுக்காரி வாங்குவதா? ஒருநாள் தம் அலமாரியிற் சுவிசேஷச் சிறு நூலொன்று வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பேசவில்லை. பத்திரிகைத் தாளிற் பொதிந்து அவன் தலையணை அருகே வைத்துவிட்டார். மறுநாட் காலையும் இடியப்பமும் சொதியும் வழக்கம்போல வந்தன. அந்தப் பொதியைப் பற்றி இருவரும் கடைசிவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. அந்த மௌனத்தை அவன் சரியாகவே விளங்கிக்கொண்டான் என்பதற்கு நான் சாட்சி. அடுத்த வாரம் போனபோது அவன் திருவலையில் அமர்ந்து, கால் மரத்துப்போய், தேங்காய் திருவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற சின்னம்மா, “கறுப்பு விழாமத் திருவு” என்று அதட்டினார். அவர் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அவனும் கோட்டைக்குள் வருவான். மான்கள் நிற்கும் மரநிழலிற் காத்திருப்பான். நத்தாருக்கு அவன் தேவாலயத்துக்குச் சின்னம்மா வீட்டுப் பலகாரம் போயிற்று. இருவரும் தத்தம் சமயத்தில் அணுவளவும் தளரவில்லை.

குருமனைகளில் வாழ்ந்த யேசுசபையார் சிலரும் இப்படி ஊருக்குள் இறங்கியவர்களே. திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் அமைந்தது. மட்டக்களப்பும் அதனுள் அடங்கியிருந்தது. முதலிற் பிரெஞ்சு நாட்டுக் குருமார் பொறுப்பேற்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தார் வந்தனர். 1947 முதல் 1974 வரை ஆயராயிருந்த இக்னேசியஸ் கிளெனி அவர்களுள் ஒருவர். அவர்களிற் பலரின் ஊராகிய லூயிசியானாவும் சோறும் நண்டும் இறாலும் உண்ணும் சதுப்பு நிலமே. நம் உணவு அவர்களுக்கு அந்நியமாய் இருந்திராது. உறைப்புத்தான் சற்றே கூடுதல்.

அங்கிருந்து 1948இல் வந்த யூஜின் ஹெபியர் அடிகளார் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். மாணவர்க்குக் கூடைப்பந்து பழக்கினார். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பள்ளிகள் பெரும்பாலும் அரசிடம் சென்றன. அதன் பின்னும் அவர் இங்கேயே இருந்தார். 1990இல் மீண்டும் போர் மூண்டபோதும் போகவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தம் ஸ்கூட்டரிற் புறப்பட்டார். உடன் ஒரு தமிழ்ச் சிறுவனும் சென்றான். இருவரும் மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை. எங்கே போனார்கள் என்பதற்கு இன்றளவும் விடை கிடைக்கவில்லை.