விறகால் வந்த பகையும் கூட்டுறவு விளக்கும்

எத்தியோப்பிய நாட்டின் தென்கிழக்குக் கோடியில், சோமாலியாவையும் கென்யாவையும் அடுத்து, டோலோ அடோ என்னும் வறண்ட பிரதேசம் உள்ளது. 2009 முதல் 2011 வரையில் அங்கு ஐந்து அகதி முகாம்கள் அமைக்கப்பட்டன. போருக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்த சோமாலியர்கள் அவற்றில் தங்கினர். உள்ளூராரும் சோமாலி மொழி பேசுவோரே. பெரும்பாலும் கால்நடை மேய்த்துப் பிழைப்பவர். ஆயினும் விறகு இரு சாராரையும் பிரித்தது. அகதிப் பெண்கள் நெடுந்தூரம் நடந்து விறகு பொறுக்கினர். வழியில் தாக்குதலுக்கும் ஆளாயினர். சுற்றுப்புற மரங்கள் அழிவதைக் கண்டு உள்ளூரார் மனம் புழுங்கினர்.

முகாமுக்கு மட்டும் விளக்குக் கொடுத்தால் பகை வளருமேயன்றித் தணியாது. வேலிக்கு இப்பால் இருட்டில் இருப்பவனும் மனிதன்தானே! 2012 முதல் ஐகியா அறக்கட்டளை, ஐக்கிய நாடுகளின் அகதிகள் அலுவலகத்தின் வாயிலாக, ஏறத்தாழ 10 கோடி டாலரை இப்பிரதேசத்தில் பாசனம், கால்நடை, எரிசக்தி முதலியவற்றுக்குச் செலவிட்டது. அதன் பயனாக அகதிகளும் உள்ளூராரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின.

இராமநாதபுரத்து அங்கத்தினர்களுக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே முள்மரம் ஆங்கும் மேய்ச்சல் நிலங்களைக் கவ்வியிருந்தது. அதனை வெட்டி விறகாகவும் கரிக்கட்டியாகவும் விற்பது ஒரு வகைச் சங்கத்தின் தொழில். சூரிய ஒளி மின்சாரத்தைக் கடைகளுக்கு விற்பதும், தெருவிளக்குகளைப் பழுது பார்ப்பதும் மற்றொரு வகையின் தொழில்.

கணக்குப் புத்தகம் புரட்டுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. சூரியத் தகடு இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். பாட்டரியோ அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடும். புதியதற்குப் பணம் எங்கிருந்து வரும்? நன்கொடையாளர் திறப்பு விழாவுக்கு வருவர். பழுதுக்கு வருவது அரிது. ஆகவே மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தேய்மான நிதியாக முதல் மாதத்திலேயே ஒதுக்கியாக வேண்டும். ஆனால் பங்கீட்டு உணவை நம்பி வாழும் குடும்பத்தின் கையில் ரொக்கம் ஏது? உணவு குறைந்த மாதத்தில் மின்கட்டணந்தான் முதலில் நிலுவையில் நிற்கும்.

மூலதனம் மானியமாகவே வரட்டும். கடைக்காரர் முழுக் கட்டணமும், வீட்டார் குறைந்த கட்டணமும் செலுத்தட்டும் என்பது நம் கருத்து. 2019-இல் எத்தியோப்பியா இயற்றிய அகதிகள் சட்டம் அவர்கள் வேலை செய்து பொருளீட்டுவதற்கு வழி வகுத்தது. எந்தக் கட்டண விகிதமும் அந்த வருவாயைச் சார்ந்தே நிற்கும்.