கப்பல் நிற்கும் பத்து மணி நேரம்: கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிப் பழைய தோட்டத்துக்குப் போய் வர முடியுமா?

கோலசிலாங்கூர்: சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்கள் பல பினாங்கு, புக்கெட் போகும் வழியில் கிள்ளான் துறைமுகத்திலும் ஒரு நாள் நிற்கின்றன. காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். கப்பலில் வரும் வெளிநாட்டுப் பயணிகள் பலர் பேருந்தில் ஏறி கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் பார்த்துத் திரும்புகிறார்கள்.

ஆனால் அதே கப்பலில் நம்மவர்களும் வருகிறார்கள். சிலாங்கூரின் வடக்குத் தோட்டங்களில் பிறந்து, கல்யாணம் கட்டியோ வேலை தேடியோ சிங்கப்பூருக்குப் போனவர்கள். இப்போது வயது அறுபதைத் தாண்டிய நிலையில், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கப்பல் சீட்டில் ஊர் சுற்றுபவர்கள். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து அவர்கள் பிறந்த தோட்டம் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. கூடப் படித்த தோழி இன்னும் அங்கேதான் இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டுக் கப்பல் கிளம்புவதற்குள் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் கணக்குப் போட்டு நடக்க வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

நேரம் எப்படிப் போகும்?

ஒரு கணக்குக்காக இரண்டு தோழிகளை எடுத்துக்கொள்வோம். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்தில் வளர்ந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் சிங்கப்பூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். மற்றவர் இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட அதே ஊரில், தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார். இன்னும் ஒருவரை ஒருவர் ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குப் பத்து மணி நேரம். கையில் கிடைப்பது அவ்வளவு இல்லை. கப்பல் கரை கட்டிய பிறகு அதிகாரிகளின் அனுமதி வந்தால்தான் பயணிகளை இறக்குவார்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்டியவர்களை முதலில் அனுப்புவது வழக்கம். தனியாகப் போகிறவர் வெளியே வர 9 மணி ஆகிவிடும். மாலையில் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லாரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும். ஆகவே 5 மணிக்குள் திரும்பியாக வேண்டும். மிச்சம் எட்டு மணி நேரம்.

பயணக் கப்பல் முனையம் புலாவ் இண்டாவில் இருக்கிறது. அதே தீவில்தான் வெஸ்ட்போர்ட் கொள்கலன் துறைமுகமும் இருக்கிறது. பெரிய லோரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது. அங்கிருந்து கிள்ளானைக் கடந்து, காப்பார், ஜெராம் வழியாக கோலசிலாங்கூர் போக, சாலை சீராக இருந்தால் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கமும் ஏறக்குறைய இதே கணக்குதான். சபாக் பெர்ணாம் போக வேண்டும் என்றால் கோலசிலாங்கூரைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் அந்த ஆசை வேண்டாம். சபாக்கில் இருக்கும் தோழியைக் கோலசிலாங்கூருக்கு வரச்சொல்வதே நல்லது.

போகும்போது ஒன்றரை மணி நேரம் என்றால் திரும்புவதற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிற்பகலில் மழை பிடித்தாலோ, காப்பார் சாலையில் ஒரு லோரி சாய்ந்தாலோ, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் மாட்டினாலோ அந்த ஒரு மணி நேரம்தான் காப்பாற்றும். ஆகவே 9 மணிக்குப் புறப்பட்டால் 10.30-க்குத் தோட்டம், பகல் 2.30-க்குத் திரும்பக் காரில் ஏறிவிட வேண்டும். தோழியோடு உட்கார்ந்து பேச நான்கு மணி நேரம் கிடைக்கும்.

காரும் காகிதமும்

முனையத்துக்கு வெளியே நினைத்தவுடன் வாடகைக் கார் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. வருகிற கார் போய் இறக்கிவிட்டுப் போய்விட்டால், தோட்டத்துக்குள்ளிருந்து திரும்பி வர இன்னொரு கார் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். தோழியின் மகனோ மருமகனோ கார் கொண்டு வந்தால் நல்லது. இல்லாவிட்டால் நாள் முழுவதற்கும் ஒரே காரை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். அழைக்க வருபவர்கள் கப்பலுக்குள் போக முடியாது. முனையத்தின் வெளிப்பகுதியில்தான் காத்திருக்க வேண்டும்.

இறங்கும்போது கப்பல் அட்டையும் அடையாள ஆவணமும் கையில் இருக்க வேண்டும். சில கப்பல்களில் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் அதன் நகலையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். அறையில் தினமும் கொண்டுவந்து வைக்கும் தகவல் தாளில் அன்றைய திரும்பும் நேரமும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொள்வது மிக முக்கியம். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது அந்த முகவரைத்தான். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். அந்தத் துறைமுகம் புக்கெட் என்றால் விமானச் சீட்டோடு கடப்பிதழும் தேவைப்படும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் பொதுவாக நிறுவனம் பொறுப்பேற்கும். தனியாகப் போனவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கைக்கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட் போய்விட்டு கிள்ளான் வரும் கப்பலில் நேரம் மாற்றப்பட்டதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ஏன் தோழி கப்பலுக்கு வரவில்லை?

‘நீயும் ஒரு சீட்டு வாங்கிக் கப்பலில் வந்துவிடேன்’ என்று சிங்கப்பூர்த் தோழி கேட்கலாம். எல்லாராலும் வர முடியாது. காசு மட்டும் காரணம் இல்லை.

தோட்டப்புறத்தில் இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்கள் உண்டு. அவர்கள் நிரந்தரவாசிகள், குடிமக்கள் அல்லர். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே கிடைக்கும். இந்த நாட்டிலேயே வாழ்நாள் முழுவதும் பால்மரம் வெட்டியிருந்தாலும், கடப்பிதழ் இல்லாமல் புக்கெட் போகும் கப்பலில் ஏற முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவின் கீழ், உரிய காலம் இங்கு வசித்து, போதிய மலாய்மொழி அறிவும் உள்ளவர்கள் குடியுரிமைக்குத் தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பிக்கலாம். அது முடியும்வரை, அப்படிப்பட்ட தோழியைக் கடல் வழியாகச் சந்திக்க ஒரே வழி, மற்றவர் கிள்ளானில் இறங்கி வருவதுதான்.

இதே துறைமுகம், வேறு கப்பல்

இந்தத் துறைமுகம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901-இல் திறக்கப்பட்டது. 1972-இல் கிள்ளான் துறைமுகம் ஆனது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் அங்கே வேலை செய்தவர்களைச் சாய்த்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மல்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிகட்டிக் கொசுவைக் கட்டுப்படுத்திய பிறகே துறைமுகம் நிமிர்ந்தது.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல்களில் பெரியவர்கள் வாயில் அதிகம் புழங்கும் பெயர் ரஜுலா. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926-இல் ஓடத் தொடங்கியது. பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். அறை கிடையாது; பாய் விரித்த இடம்தான் அறை.

அன்று கப்பல் வந்த நாளில் யாரும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அம்மை, காலரா பயத்தால் தொழிலாளர்களை முதலில் தனிமை முகாமில் வைத்தார்கள். பினாங்கில் அதற்காக ஜெரெஜாக் தீவு இருந்தது. இங்கும் முகாம் இருந்தது. முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு கங்காணி ஆட்களை எண்ணித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்பும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு, பயணச் செலவு கொடுத்துத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தபோதுதான் அந்த வரவு நின்றது.

பிறகு எதிர்த்திசையில் ஓர் அலை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்ற சட்டம் 1968-இல் வந்து, 1969-க்குப் பின் அமல்படுத்தப்பட்டபோது, ஏறக்குறைய 60,000 பேர் இந்தியா திரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர்களே அதிகம். நீல அட்டை கிடைத்த குடும்பம் இங்கே நின்றது. கிடைக்காத குடும்பம் கப்பல் ஏறியது. ஒரே லயத்துப் பிள்ளைகள் துறைமுகத்தில் பிரிந்தார்கள். எழுத்து தெரியாத வீடுகளில் கடிதமும் நின்றுபோனது.

ரஜுலா 1973-இல் இந்த ஓட்டத்தை முடித்துக்கொண்டது. அடுத்து வந்த சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்தக் கப்பல் மறுபடி ஓடவில்லை. தமிழகத்துக்கும் இங்கும் இடையே இருந்த பழைய பயணிகள் கப்பல் போக்குவரத்து அதோடு முடிந்தது.

தோட்டத்தில் என்ன மிச்சம்?

நான்கு மணி நேரத்தில் பார்க்க என்ன இருக்கும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ரப்பர் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் தொடக்கமும் இதே வட்டாரம்தான். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தெனமாராம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியேவால் தொடங்கப்பட்டது. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது.

பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, பள்ளிகள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியது இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த கதை. தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளே போகக் காவலரிடமோ அலுவலகத்திலோ அனுமதி கேட்க வேண்டும். கோயில் இருந்தால் திருவிழா இல்லாத நாளில் பூட்டியிருக்கலாம். பூசாரியிடமோ கோயில் தலைவரிடமோ முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அப்பா அம்மாவின் சமாதி தோட்டத்து இடுகாட்டில் இருந்தால், செம்பனைக்கு நடுவே வழி காட்ட உள்ளூர் ஆள் ஒருவர் கூட வருவது அவசியம்.

தோட்டமே இல்லை என்றால் கோலசிலாங்கூர் நகரில் புக்கிட் மெலாவாத்தி இருக்கிறது. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்ட கோட்டைக் குன்று. 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம், மரத்துக்கு மரம் தாவும் கருங்குரங்குகள், கீழே கடல் எல்லாம் பார்க்கலாம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன அதே இடம் பலருக்கு. முட்டி வலி உள்ளவர்கள் படி ஏறாமல், மேலே போகும் வாகனத்தில் போகலாம்.

கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளை மட்டும் இந்தப் பயணத்தில் மறந்துவிட வேண்டும். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் அவை மின்னுவது இருட்டிய பிறகுதான். அப்போது கப்பல் கடலில் இருக்கும்.

கையோடு கொண்டு போக வேண்டியவை

பழைய படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் அச்செடுத்துக்கொண்டு போனால், கண் மங்கிய தோழியும் கையில் பிடித்துப் பார்க்கலாம். பெற்றோரின் பழைய பயண ஆவணமோ அடையாள அட்டையோ இரு வீட்டிலும் இருந்தால் நகல் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கப்பலில், எந்த ஆண்டு வந்தார்கள் என்பதைக் கேட்டு எழுதிவைக்கலாம். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் குறைந்து வருகிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கடை தேடி நேரத்தை விட வேண்டாம். தோழி வீட்டில் சமைத்திருப்பார். பகல் 2.30 மணிக்கு எழுந்திருக்க மனம் வராது. அதனால் கார் ஓட்டுபவரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும்: மணி இரண்டானதும் ஒரு தடவை, இரண்டேகாலுக்கு மறுபடி ஒரு தடவை வந்து கூப்பிடச் சொல்லி.