நடை மிச்சம், முதுகு?

1979 ஜனவரி 25. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளாட் ராக் என்ற ஊர், ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பாலை. உதிரி பாகங்களை அடுக்கியிருந்த ரேக்கின் மேல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி ஏறினார். பாகங்களை எடுத்துக் கொடுக்க அங்கே ஒரு டன் எடையில் தானியங்கி இயந்திரம் இருந்தது. ஆனால் அது சரியாக எடுத்துத் தரவில்லை. வேலை நிற்கக் கூடாதே என்று அவரே ஏறினார். இயந்திரத்தின் கை பின்னாலிருந்து வந்து தலையில் அடித்தது. அந்த இடத்திலேயே உயிர் போனது. ரோபோவால் இறந்த முதல் மனிதர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1983இல் குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பானது. இது நடந்தது கார் பூட்டும் வரிசையில் அல்ல, சரக்கு வைக்கும் ரேக்கில் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

மனிதனும் இயந்திரமும் ஒரே இடத்தில் புழங்கினால் என்றாவது ஒருநாள் மோதும். கிடங்கு ரோபோக்களை வடிவமைத்தவர்கள் இதற்குக் கண்ட வழி, இரண்டையும் பிரித்துவிடுவது. 2003இல் தொடங்கிய கிவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் அதைத்தான் செய்தது. பழைய முறையில் பொருளைத் தேடி ஆள் நடப்பார். பெரிய கிடங்கில் ஒரு ஷிஃப்டுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தவர்கள் உண்டு. கிவா இதைத் தலைகீழாக்கியது. ஆரஞ்சு நிறத்தில் தட்டையான ஒரு வண்டி, தரையில் ஒட்டிய குறியீடுகளைப் படித்துக்கொண்டே ரேக்கின் அடியில் நுழைந்து, ரேக்கையே தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கு வரும். அவர் வேண்டியதை எடுத்து ஸ்கேன் செய்து டப்பாவில் போட்டதும் ரேக் திரும்பிப் போகும், அடுத்தது வந்து நிற்கும். 2012இல் 77.5 கோடி டாலருக்கு அமேசான் இந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று அமேசான் கிடங்குகளில் ஓடும் ரோபோக்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு கூடுவது உண்மைதான். கிடங்கில் ஆளைக் கொல்லும் வண்டி ஃபோர்க்லிஃப்ட். அமெரிக்காவில் 2017இல் மட்டும் 74 பேர் அதனால் இறந்தார்கள். ரேக்குகள் தாமாக நகரும் வேலியிட்ட தளத்தில் ஃபோர்க்லிஃப்டுக்கும் வேலையில்லை, ஏணிக்கும் வேலையில்லை. ரேக்கிலிருந்து ஒரு பாட்டில் கீழே விழுந்துவிட்டால்? எடுக்கப் போகும் ஊழியருக்காக இடுப்பு வார் போன்ற ஓர் உடுப்பு வந்தது. அதிலுள்ள கருவி அவர் இருக்குமிடத்தைச் சுற்றியுள்ள ரோபோக்களுக்குச் சொல்லும். அவை வேகத்தைக் குறைத்து வழிவிட்டுப் போகும்.

வேலிக்குள் பழுது பார்க்கப் போகிறவரின் ஆபத்து மட்டும் இன்னும் தீரவில்லை. 2023 நவம்பரில் தென்கொரியாவின் காய்கறி விநியோக மையம் ஒன்றில், குடைமிளகாய்ப் பெட்டிகளை அடுக்கும் ரோபோவைச் சோதித்துக்கொண்டிருந்தவரை அது பெட்டியென்று பிடித்துக் கன்வேயரோடு அழுத்திக் கொன்றது. வில்லியம்ஸ் இறந்து 44 ஆண்டுகள் கழித்தும், இயந்திரம் மக்கர் செய்யும்போதுதான் மனிதன் உள்ளே போகிறான்.

சாவும் எலும்பு முறிவும் இந்தக் கதையில் ஒரு பாதிதான். அமேசான் கிடங்குகளின் காயக் கணக்கை எடுத்துக்கொண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கோர்டன் பர்ச் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: ரோபோ வந்த கிடங்கில் என்ன மாறுகிறது? கடும் காயங்கள் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன. அவ்வளவு கடுமையில்லாத காயங்கள் 77 சதவீதம் கூடியிருந்தன. ஆய்வுக்கு அவர்கள் வைத்த தலைப்பில் ‘லூசியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ வருகிறது. 1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், வேகமெடுக்கும் கன்வேயரில் வரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்ற முடியாமல் லூசி வாயிலும் தொப்பியிலும் அடைத்துக்கொள்ளும் காட்சி அங்கே பிரசித்தம். ஆய்வாளர்கள் தங்கள் முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஏன் இப்படி? அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய எடை தூக்கும் சூத்திரத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கலாம் என்று அது சொல்லும் உச்ச எடை 23 கிலோ. (நம் ரேஷன் அரிசி மூட்டை 50 கிலோ என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) சாதகம் குறையக் குறைய எடையும் குறையும். இடுப்பில் ஒட்டிவைத்த குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் என்ன ஆகும் என்று தண்ணீர் சுமந்தவர்களுக்குத் தெரியும். சூத்திரமும் அதையே சொல்கிறது. உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருந்த பொருள் 50 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போனால் அனுமதி எடை பாதியாகிறது. தரையிலிருந்து குனிந்து எடுத்தால் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கழியும். இடுப்பைத் திருப்பினால் இன்னும் கொஞ்சம்.

இதில் மிக அதிகமாக எடையைத் தின்பது எண்ணிக்கைதான். எட்டு மணி நேர வேலையில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தூக்குபவருக்கு, மற்றதெல்லாம் சரியாக இருந்தால், 15 முதல் 17 கிலோ வரை இடமுண்டு. அதுவே நிமிடத்துக்கு ஆறேழு முறையானால் 5, 6 கிலோவுக்கு இறங்கிவிடும். இனி அமேசான் கணக்கைப் பார்ப்போம். ரோபோ இல்லாத கிடங்கில் ஒருவர் மணிக்குச் சுமார் 100 பொருட்கள் எடுத்தார். ரோபோ வந்த பிறகு டார்கெட் 400 வரை போனது என்று ரிவீல் என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் 2020இல் எழுதியது. நிமிடத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் இருந்தது ஆறரைக்கு மேல் போகிறது. பதினைந்து கிலோமீட்டர் நடை மிச்சமானது நிஜம். ஆனால் பொருளுக்குப் பொருள் நடந்த அந்தச் சில நொடிகளில்தான் தோளும் மணிக்கட்டும் ஓய்வெடுத்தன. நடை போனதோடு ஓய்வும் போனது. அந்த நேரத்தை நிர்வாகம் வேலையாக எடுத்துக்கொண்டது.

ரிவீல் கையில் கிடைத்த உள் ஆவணங்கள், 2016 முதல் 2019 வரை 150 கிடங்குகளின் கணக்கு. ரோபோ உள்ள கிடங்குகளில் கடும் காய விகிதம் மற்றவற்றைவிட 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம். கலிஃபோர்னியாவின் டிரேசி கிடங்கில் 2015இல் நூறு பேருக்கு 2.9 ஆக இருந்தது, 2018இல் 11.3. பர்ச் குழுவின் கணக்கோடு இது நேராகப் பொருந்தாது. இரண்டும் எண்ணிய விதம் வேறு. லீவு போட வைத்த, வேலையை மாற்ற வைத்த காயங்கள் எல்லாவற்றையும் செய்தியாளர்கள் ‘கடும்’ என்ற தலைப்பில் சேர்த்தார்கள். சுளுக்கும் தசைப்பிடிப்பும் அதில் வந்துவிடும். ரிவீலின் முடிவுகளை அமேசான் மறுத்தது. எனக்கு இந்த இரண்டு கணக்கும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதாகத் தெரியவில்லை. இயந்திரம் விபத்தைக் குறைக்கிறது, டார்கெட் தேய்மானத்தைக் கூட்டுகிறது.

அப்படியானால் ரோபோவே வேண்டாமா? வேண்டும், எங்கே என்பதுதான் பேச்சு. 2023 அக்டோபரில் அமேசான் அறிமுகம் செய்த செக்கோயா ஏற்பாட்டில் பொருள் உள்ள பெட்டிகள் தொடைக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்திலேயே வந்து நிற்கின்றன. உச்சி அடுக்குக்கு எக்கவும் கீழடுக்குக்குக் குந்தவும் அவசியமில்லை. சூத்திரத்தை மதித்துச் செய்த வடிவமைப்பு என்றே சொல்வேன். இன்னொன்று, பாஸ்டன் டைனமிக்ஸ் செய்த ஸ்ட்ரெட்ச். உறிஞ்சு கப்புகள் பதித்த ஒற்றைக் கையோடு லாரிக்குள் புகுந்து பெட்டிகளை எடுத்துக் கன்வேயரில் வைக்கும். டிஹெச்எல் கிடங்குகளில் வேலை செய்கிறது. வெயிலில் நின்ற கன்டெய்னருக்குள் போய்ச் சரக்கு இறக்கியவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். அது தூக்கும் உச்ச எடை 23 கிலோ என்பது ஒரு வேடிக்கை. சலிக்காத, சுளுக்காத இயந்திரத்துக்கும் அதே எல்லைதான்!

டார்கெட்டை இயந்திரம் வகுப்பதில்லை. அதனால் சட்டம் அங்கே கைவைத்தது. 2022 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் அமலுக்கு வந்த ஏபி 701, ஒவ்வொரு ஊழியருக்கும் அவருடைய டார்கெட்டை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. சாப்பாட்டு இடைவேளையையோ கழிப்பறை போவதையோ தடுக்கும் டார்கெட் செல்லாது. 2024இல் இரண்டு கிடங்குகளில் இதை மீறியதாக அமேசானுக்கு 59 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். தங்களிடம் நிலையான டார்கெட் என்று எதுவுமில்லை என்பது நிறுவனத்தின் பதில்.

இந்த விவாதமே அமெரிக்காவில் நடக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு காயத்தையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற விதி. இங்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எழுந்து நிற்கும் கிடங்குகளில் வேலை பார்ப்பவர்களில் பலர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். முதுகு பிடித்துக்கொண்டால் மறுநாள் வருவதில்லை, வேறொருவர் வருகிறார். எண்ணாத காயத்தை எந்த ரோபோவும் குறைத்துக் காட்ட முடியாது. ரோபோவின் விலையை முதலாளி லோடுமேனின் குறைந்த கூலியோடுதான் ஒப்பிடுகிறார், ஆகவே ரோபோ இங்கே சீக்கிரம் வராது. லாரி வாசல் வரை நீளும் கன்வேயர் பெல்ட் அவ்வளவு விலையில்லை. அதை முதலில் வாங்கலாம். பிரிட்டனில் 50 கிலோவாக இருந்த சிமென்ட் மூட்டை இன்று கடையில் 25 கிலோவாகத்தான் கிடைக்கிறது. அதற்கு ஒரு ரோபோவும் தேவைப்படவில்லை, சின்னச் சாக்குதான் தேவைப்பட்டது.