தூங்கி எழுந்த மடிக்கணினியில் சத்தம் வரவில்லையா?

மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திறக்கிறோம். திரை வருகிறது, இணையம் வருகிறது, விட்ட இடத்திலேயே வேலை காத்திருக்கிறது. ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் இல்லை. ஒலி அளவை நூறுக்கு ஏற்றினாலும் அதே அமைதி.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, ஒரே மடிக்கணினியை நான்கு பேர் பங்கு போட்டுப் பயன்படுத்தும் வீடுகள் நிறைய. காலையில் கல்லூரி மாணவிக்கு ஆன்லைன் வகுப்பு, மதியம் அண்ணனுக்கு வேலைக்கான நேர்முகம், மாலையில் பிள்ளைகளுக்குத் தஜ்வீத் வகுப்பு. தஜ்வீத் வகுப்பில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து என்ன பயன்? உஸ்தாதின் உச்சரிப்பு காதில் விழுந்தால்தானே பாடம்! அவசரத்தில் பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், சில இடங்களில் "போர்டு போயிடுச்சு" என்கிறார்கள். சில இடங்களில் உடனே ஃபார்மட் போட்டுக் கொடுக்கிறார்கள். முதலாவதில் பணம் போகிறது, இரண்டாவதில் பிள்ளையின் ப்ராஜெக்ட்டும் குடும்பப் படங்களும் போகின்றன. நேற்று வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்து, தூங்கி எழுந்ததும் ஊமையான கணினியில் பெரும்பாலும் எந்தப் பாகமும் கெட்டிருப்பதில்லை. அதை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

மூடியை மூடினால் கணினி அணைவதில்லை, ஸ்லீப் அல்லது ஸ்டாண்ட்பை எனப்படும் உறக்கநிலைக்குப் போகிறது. பழைய கணினிகளில் இது எஸ்3 நிலை. ரேம் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்ற பாகங்கள் ஏறத்தாழ எல்லாமே அணைந்துவிடும். புதிய கணினிகள் பலவற்றில் இருப்பது மாடர்ன் ஸ்டாண்ட்பை. கைபேசியைப் போல அரைத்தூக்கத்தில் கிடந்து, அவ்வப்போது விழித்து மின்னஞ்சலையும் அப்டேட்டையும் பார்த்துக்கொள்ளும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறும்போது மூடிய கணினி விம்கோ நகரில் இறங்கும்போது பைக்குள் சூடாக இருப்பதற்கும் சில நேரம் இதுதான் காரணம்.

எந்த வகைத் தூக்கமானாலும், எழும்போது ஒலிக்கான பாகங்களை மறுபடி எழுப்ப வேண்டும். போர்டில் கோடெக் என்ற ஒலிச் சில்லு இருக்கிறது. கணினியின் எண்களை ஒலி அலையாக மாற்றுவது அதன் வேலை. அந்த மெல்லிய அலையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்குவது ஆம்ப்ளிஃபையர். உறக்கத்தில் இரண்டும் அணைக்கப்படுகின்றன. விழிக்கும்போது டிரைவர் என்ற மென்பொருள், கோடெக்கை எழுப்பி அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி, ஆம்ப்ளிஃபையரையும் "எழுந்திரு" என்று தட்ட வேண்டும். இந்த வரிசையில் ஒரே ஒரு கட்டளை தவறிப்போனாலும் கோடெக் ஓடிக்கொண்டிருக்கும், ஆம்ப்ளிஃபையர் தூங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸைப் பொறுத்தவரை எல்லாம் சரி. பிழைச்செய்தி எதுவும் வராது. நமக்கு மட்டும் சத்தம் கேட்காது.

முதலில் இதைச் செய்து பாருங்கள்

எந்த அமைப்பையும் மாற்றும் முன் ஒரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். ஹெட்போனில் சத்தம் கேட்டால் கோடெக், டிரைவர், விண்டோஸ் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. கோளாறு ஸ்பீக்கருக்குப் போகும் பாதையில், அதாவது ஆம்ப்ளிஃபையரிலோ, ஹெட்போன் செருகும் துளையிலோ, ஸ்பீக்கரிலோதான். ஹெட்போனிலும் கேட்கவில்லை என்றால் மென்பொருள் பக்கம் தேட வேண்டும்.

அடுத்து, திரையின் வலது கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பாருங்கள். எளிய வேலை என்பதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விழித்தவுடன் கணினி தான் ஏற்கெனவே பழகிய புளூடூத் இயர்பட்ஸைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அந்த இயர்பட்ஸ் அடுத்த அறையில் தம்பியின் காதில் இருந்தால், உங்கள் வகுப்பு அவருக்குத்தான் கேட்கும். எச்டிஎம்ஐ கேபிளில் டிவி இணைத்திருந்தாலும் ஒலி அங்கே தாவிவிடும். பட்டியலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

"பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சத்தம் வரலை" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியும் சேர்ந்து வந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது தொடர்கிறது. நாம் ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியையும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே வன்வட்டில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. மறுநாள் அதையே எடுத்து விரித்துக்கொள்கிறது. சீக்கிரம் துவங்குவது அதனால்தான். ஆனால் குழம்பிய நிலையில் இருந்த ஒலி டிரைவரும் அதே குழப்பத்தோடு திரும்பி வருகிறது! ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏற்றப்படுகிறது. பார்க்கப்போனால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் கணக்கு அப்படித்தான்.

நம்பிக்கை வராதவர்கள் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, சிபியு என்பதன் கீழ் 'அப் டைம்' எவ்வளவு என்று பாருங்கள். தினமும் இரவு அணைக்கிற கணினி எட்டு நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும்.

ஆகவே முதல் மருந்து ரீஸ்டார்ட். அதிலும் வரவில்லை என்றால் மின்சாரத்தை முழுமையாக வடித்துவிட வேண்டும். ரீஸ்டார்ட்டின்போது போர்டுக்கு மின்சாரம் நிற்பதில்லை என்பதால், சில கணினிகளில் கோடெக் பழைய நிலையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். இப்படிச் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் தவிர்க்கப்பட்டு முழுதாக அணையும். பிறகு சார்ஜரைக் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, எல்லாவற்றையும் மாட்டித் துவக்குங்கள். செலவில்லாத இந்த ஒரு வேலையில் எழுந்துவிடும் கணினிகள் ஏராளம்.

இதில் சரியாகி, சில நாளில் மறுபடி அதே தொல்லை வந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே நிறுத்திவிடலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பைத் திறந்தால், கீழே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று டிக் அடித்திருக்கும். மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' இணைப்பைச் சொடுக்கிய பிறகுதான் அந்த டிக்கை எடுக்க முடியும். கணினி துவங்கச் சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வகுப்பு நடுவில் ரீஸ்டார்ட் செய்ய முடியாதே?

நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தால் வேறு வழி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறங்கள். பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்' என்பதன் மேல் வலது பட்டனை அழுத்தி ரீஸ்டார்ட் கொடுங்கள். அதைச் சார்ந்த 'விண்டோஸ் ஆடியோ'வையும் சேர்த்து மறுதுவக்கம் செய்யட்டுமா என்று கேட்கும், சம்மதியுங்கள். அரை நிமிட வேலை.

அதுவும் போதவில்லை என்றால் டிவைஸ் மேனேஜர். அதில் ஒலிச் சாதனங்கள் பகுதியில் ரியல்டெக் என்றோ ஹை டெஃபினிஷன் ஆடியோ என்றோ இருப்பதை வலது பட்டனால் சொடுக்கி 'டிஸேபிள்' கொடுத்து, பத்து விநாடி கழித்து 'எனேபிள்' கொடுங்கள். தூங்கும் ஆம்ப்ளிஃபையரை டிரைவர் மறுபடி தட்டி எழுப்ப இது ஒரு வாய்ப்பு. சத்தம் வந்துவிட்டால் கோளாறு டிரைவரில்தான் என்பது உறுதி. போர்டு மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

டிரைவரைப் பற்றி

ஒவ்வொரு முறை உறங்கி எழும்போதும் இதே கதை என்றால் டிரைவரை மாற்ற வேண்டும். கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் ஆடியோ டிரைவரை இறக்குங்கள். கூடவே பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். உறக்கநிலைக் கோளாறுகள் பலவற்றுக்கு அங்கேதான் திருத்தம் வரும். ஆனால் பயாஸ் ஏற்றும்போது மின்சாரம் போனால் கணினியே எழாமல் போகக்கூடும். பேட்டரி நன்றாக இருந்து, சார்ஜரும் மாட்டியிருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

நிறுவனம் கைவிட்டுவிட்ட பழைய மாடலா? டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் போனால், மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' இருக்கும். ரியல்டெக் தரும் கூடுதல் வித்தைகள் அதில் இல்லை, ஆனால் பழைய கணினிகளில் உறங்கி எழுந்தபின் ஒழுங்காகப் பேசும். புதிய மெல்லிய கணினிகள் சிலவற்றில் ஸ்பீக்கருக்கென்று தனி ஸ்மார்ட் ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் இந்தப் பொது டிரைவர் அங்கே உதவாமல் போகலாம். அப்போது 'ரோல் பேக்' கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிப்பதாகச் சொல்லி விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

அரசு கொடுத்த மடிக்கணினிகள்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு துவக்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்கா படித்து முடித்து, தங்கை படித்து முடித்து, இப்போது கடைக்குட்டியின் கையில். இவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் ஒரு வேடிக்கை உண்டு. விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் போனால், விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையில் கோடெக்கைக் கண்டு லினக்ஸ் தடுமாறிச் சத்தமில்லாமல் நிற்பதுண்டு. முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுத் துவக்கினால் சரியாகிவிடும். லினக்ஸில் அல்சாமிக்சர் என்ற கருவியைத் திறந்தால் 'ஆட்டோ மியூட்' என்று ஓர் அமைப்பு தெரியும். ஹெட்போன் செருகியிருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டால் ஸ்பீக்கரை வாயடைப்பது இதுதான். அதை 'டிஸேபிள்ட்' ஆக்கிப் பாருங்கள்.

நம் பகுதியின் காற்று

ஹெட்போன் இல்லாமலேயே இருப்பதாகக் கணினி ஏன் நினைக்க வேண்டும்? செருகும் துளைக்குள் ஒரு சிறிய உலோக நாக்கு இருக்கிறது. செருகியை நுழைத்தால் அது விலகும், எடுத்தால் திரும்பி வந்து தொடும். அந்தத் தொடுதலை வைத்துத்தான் ஹெட்போன் இருக்கிறதா இல்லையா என்று கணினி கணிக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கடலை ஒட்டி வாழும் நமக்கு உப்புக்காற்று தெரியாததல்ல. ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே ஈரம் இந்த நாக்கையும் தொடுகிறது. மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைக் காற்றும் அனல்மின் நிலையங்களின் சாம்பல் தூசும் சேர்கின்றன. காற்றில் கந்தக வாயு இருந்தால் செம்பும் வெள்ளியும் கறுத்துப்போகும் என்பது வேதியியல் பாடம். தொடுமுனையில் படலம் படிந்தால், விழித்தவுடன் கணினி செய்யும் சோதனையில் ஹெட்போன் இருப்பதாகத் தவறாகப் பதிவாகிவிடும். ஸ்பீக்கர் அடைபடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. செருகி எதுவும் இல்லாதபோதும் திரையில் ஹெட்போன் படம் காட்டினால் இதுதான் கோளாறு. ஹெட்போன் செருகியை நாலைந்து முறை நுழைத்து எடுத்துப் பாருங்கள். உரசலில் படலம் விலகிச் சத்தம் திரும்பலாம். தற்காலிகமாகத் திரும்பினால், கணினியை அணைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட மெல்லிய பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு துவக்குங்கள். ஊசி, ஹேர்பின், தேங்காய் எண்ணெய் எதுவும் உள்ளே போகக்கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய்க் கழிவோடு புகுந்தது நினைவிருக்கும். அப்போது நனைந்து, காயவைத்து மீண்டும் ஓடத் துவங்கிய கணினி உங்களிடம் இருந்தால் கணக்கு வேறு. போர்டில் அரிப்பு மெதுவாக நடந்துகொண்டே இருக்கலாம். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆளிடம் காட்டுவதே சரி.

கடைக்குப் போக வேண்டியது எப்போது?

முழுதாக மின்சாரம் வடித்து, டிரைவரும் மாற்றி, பென்டிரைவில் போட்ட ஒரு லினக்ஸ் வழியாகத் துவக்கிப் பார்த்தும் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால், அது உண்மையான வன்பொருள் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் ஸ்பீக்கரா, அதன் கேபிளா, போர்டா என்று கேளுங்கள். ஸ்பீக்கர் ஜோடி மாற்றுவது சின்னச் செலவு, போர்டு மாற்றுவது பெரியது. கொடுக்கும் முன் கோப்புகளை வேறொரு வன்வட்டில் பிரதியெடுத்துவிட்டு, வீட்டுப் பெண்களின் படங்களையும் வங்கி விவரங்களையும் கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள், பிரவுசரில் திறந்திருக்கும் கணக்குகளிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஒலிக் கோளாறைப் பார்க்க உங்கள் படத் தொகுப்பைத் திறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கோடெக்கே போய்விட்டது, போர்டுக்குச் செலவழிக்க வசதியில்லை என்றாலும் கணினியை ஓரம் கட்ட வேண்டாம். யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்று விரல் அளவில் ஒன்று ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்குள்ளேயே தனி கோடெக் இருப்பதால் போர்டில் உள்ளதைக் கேட்காமல் வேலை செய்யும். செருகியவுடன் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும். வாங்கும்போது மைக் துளையும் தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வகுப்பில் கேட்டால் மட்டும் போதாது, உஸ்தாத் கேட்கும்போது பிள்ளை ஓதியும் காட்ட வேண்டும்.